விற்பதெல்லாம் வியாபாரமா?

இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை வட்டத்தில், ஏலத்தோட்டங்களின் லயங்களிலும் நெடுங்கண்டம் முதலிய ஊர்களிலும், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பணி ஓய்வுபெற்றுப் போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ சொந்த ஊர் திரும்பும் குடும்பம், வீட்டிலுள்ள அனைத்தையும் மலையிறக்கிக் கொண்டுபோதல் இயலாது. கட்டில், பீரோ, தையல் இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றை முன்னாளில் அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்வர். இந்நாளிலோ கைப்பேசியில் படம் எடுத்து, இணையச் சந்தையில் விலை குறித்து விற்றுவிடுகின்றனர். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் வாழும் தமிழர்க்கும், வீடு மாறுந்தோறும் இதுவே வழக்கமாகிவிட்டது. பணம் வங்கிக் கணக்கிற்கு வந்ததும் ஓர் ஐயம் எழுகின்றது: இதற்கும் வருமான வரி உண்டோ?

இவ்வையத்திற்கு விடை காண, உடும்பஞ்சோலை வட்டத்திலேயே உள்ள புத்தடிக்குச் செல்வோம். அங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் விடப்படுகின்றது. வணிகர்கள் கணினித் திரையின்முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். அவர்கள் லாபம் கருதி வாங்குகின்றனர். லாபம் கருதியே விற்கின்றனர். ஆகவே அது வியாபாரம். தாம் பயன்படுத்திய பீரோவைக் கைப்பேசியின் துணையால் விற்பவரும் மின்னணுக் கருவியையே கையாள்கின்றார். எனினும் அவர் வியாபாரி அல்லர். சட்டம் கருவியைப் பார்ப்பதில்லை. பொருளின் தன்மையையும் விற்றவரின் நோக்கத்தையும் பார்க்கின்றது. அதன்படி விற்பனையை மூவகையாகப் பிரித்துக் காணலாம். 1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் கண்ட இப்பாகுபாட்டை, 2026 ஏப்ரல் 1 ஆம் நாளைத் தொடக்கமாகக் கொண்ட 2025 ஆம் ஆண்டுச் சட்டமும் தழுவியுள்ளது.

முதல் வகை, சொந்த உபயோகப் பொருள்கள். உடை, மரச்சாமான், குளிர்சாதனப் பெட்டி, தாமும் தம் குடும்பத்தாரும் பயன்படுத்திய கார், ஸ்கூட்டர் ஆகியன இதன்கண் அடங்கும். இவை மூலதனச் சொத்து என்னும் வரையறைக்குப் புறம்பானவை. ஆதலின், வாங்கிய விலைக்கு மேலாகவே விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை. 20,000 ரூபாய்க்கு வாங்கியதை 8,000 ரூபாய்க்கு விற்று அடைந்த நட்டத்தை வேறு வருமானத்தில் கழித்துக்கொள்ளவும் இயலாது.

இரண்டாம் வகையில் எச்சரிக்கை வேண்டும். நகை, தொல்பொருள் சேகரிப்பு, ஓவியம், சிற்பம், பிற கலைப்பொருள் ஆகியவை சொந்த உபயோகத்தில் இருந்தாலும் மூலதனச் சொத்துக்களே. கழுத்தில் அணிந்த சங்கிலியும், கூடத்தில் தொங்கிய தஞ்சாவூர் ஓவியமும் இவ்வகையின. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் ஆதாயத்திற்கு 12.5 விழுக்காடு வரி. அதற்குட்பட்ட காலத்தில் விற்றால், ஆதாயம் பிற வருமானத்தோடு சேர்ந்து வழக்கமான விகிதத்தில் வரிக்குள்ளாகும்.

ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய சங்கிலியைப் பல ஆண்டு கழித்து இரண்டரை லட்சத்திற்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். வரி விற்ற தொகை முழுவதற்கும் அன்று. ஆதாயமாகிய 1,50,000 ரூபாய்க்கே. அதன் வரி 18,750 ரூபாய். 4 விழுக்காடு மேல்வரியும் சேர 19,500 ரூபாய். பிற வருமானம் வரிவிலக்கு வரம்பை எட்டாதிருப்பின், எஞ்சிய வரம்பை இவ்வாதாயத்தில் கழித்துக்கொள்ள இந்நாட்டில் வசிப்போர்க்கு வழியுண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையின்படி அவ்வரம்பு 4 லட்சம் ரூபாய். ஆகவே சிறு வருமானமுடைய தோட்டத் தொழிலாளி நகையை விற்றாலும் வரி ஏதும் எழாதிருத்தல் கூடும்.

பாட்டி பேத்திக்களித்த நகைக்கு விலை யாது? பாட்டி வாங்கிய விலையே பேத்தியின் விலையாகும்; பாட்டி வைத்திருந்த காலமும் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1 க்கு முன் வாங்கியதாயின், அந்நாளைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம். பழைய நகையைக் கொடுத்துப் புதியதாக மாற்றிக்கொள்வதும் சட்டத்தின்முன் கைமாற்றமே. அடகு வைத்தல் அவ்வாறன்று.

மூன்றாம் வகை, விற்பதற்கென்றே வாங்குதல். சின்னாளப்பட்டியில் சேலைகளை வாங்கி, நெடுங்கண்டத்திலிருந்து இணையத்தில் விற்பவரின் லாபம் தொழில் வருமானமாகும். சரக்கு மற்றும் சேவை வரியும் தொழில் முறையில் நிகழும் விற்பனையையே குறிவைக்கின்றது. தனிமனிதர் தம் பழைய நகையை நகைக்கடையில் விற்பது தொழில் முறை விற்பனை அன்று என்று மத்திய நிதி அமைச்சகம் 2017 ஜூலை 13 அன்று விளக்கமளித்தது.

இனி, இணையச் சந்தை நிறுவனத்தின் கடமையைக் காண்போம். தன் வழியாக நடைபெறும் விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் ஏற்பாடு 2020 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. முன்பு 1 விழுக்காடாக இருந்த விகிதம், 2024 அக்டோபர் 1 முதல் 0.1 விழுக்காடாகக் குறைந்தது. பான் எண்ணையோ ஆதார் எண்ணையோ அளித்துள்ள தனிமனிதரின் ஆண்டு விற்பனை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிடில் இப்பிடித்தம் இல்லை. எண் அளிக்காவிடிலோ விகிதம் 5 விழுக்காடாக உயரும். பிடிக்கப்பட்ட தொகை முடிவான வரி அன்று. கட்ட வேண்டிய வரி இல்லையெனில், வருமான அறிக்கை தாக்கல் செய்து அதனைத் திரும்பப் பெறலாம்.

அறிவிப்பு வேறு, வரி வேறு என்பதை இங்கே மனத்திற் கொள்ளவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதலும், பிரிட்டனில் 2024 முதலும் இணையச் சந்தை நிறுவனங்கள் விற்பனையாளரின் விவரங்களைத் திரட்டி வரித்துறைக்கு அறிவிக்கின்றன. பழைய துணிமணி விற்றவர்க்குப் புதிய வரி அங்கும் விதிக்கப்படவில்லை. நம் நாட்டில் வருமான வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஒரு தொகை காணப்படுவதாலேயே அது வரிக்குரியதாகிவிடாது. பதிவு பிழையாயின், அவ்வறிக்கையிலேயே மறுப்பைப் பதியலாம்.

மறுப்புக்குத் துணை நிற்பது ஆவணமே. வரிக்கு அஞ்சித் தரகரிடம் ரசீதின்றி நகையைக் குறைந்த விலைக்குக் கொடுப்பவர் அடையும் இழப்பு, பலவேளைகளில் வரியினும் பெரிது. ஆகவே நகை வாங்கிய ரசீது, கொடுத்தவர் எழுதிய குறிப்பு, விற்ற நாளின் கைப்பேசிச் செய்தி, வங்கிக் கணக்கின் பதிவு ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுக் காத்து வைப்பது நலம். ஊர் விட்டு ஊர் செல்வோர் பீரோவை விற்றுவிடலாம். அதனுள் இருந்த ரசீதுகளை மட்டும் உடன் எடுத்துச் செல்லவேண்டும்.