கம்ப்ரஸரும் அதன் எண்ணெயும்

சாலையோரத்துப் பஞ்சர் கடையில் உருளைத் தொட்டியின் மேல் அமர்ந்து, தொட்டி நிறையும் வரை தடதடத்துப் பின் தானே ஓய்ந்துவிடும் கம்ப்ரஸரைப் பாராதவர் இல்லை. அதன் அடிப்பெட்டியில் கிடக்கும் சிறிதளவு எண்ணெய் படும் பாட்டைக் கவனித்தவர்களோ வெகு சிலர்.

வாயுவை நெருக்கினால் அது உஷ்ணமடையும். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றை ஒரே கட்டத்தில் எட்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், வெப்பம் சிறிதும் வெளியேறாத பட்சத்தில், அது 270 டிகிரியை எட்டும் என்பது கணக்கு. நடைமுறையில் சிலிண்டரின் சுவர் ஒரு பாகத்தை வாங்கிக்கொண்டாலும், வெளியேறும் காற்று கொதிநீரைவிட மிகுந்த சூட்டோடுதான் வால்வைக் கடக்கிறது. பிஸ்டன் வளையங்களுக்குத் தப்பி மேலேறிய எண்ணெய்த் துளிகள் அங்கே பிராணவாயுவோடு கலந்து கருகி, வால்வுத் தகட்டின் மேல் கத்தியால் சுரண்ட வேண்டிய கரும் பொருக்காகப் படிகின்றன. பொருக்குப் படிந்த வால்வு சரியாக மூடாது. சூடான காற்று திரும்பி உள்ளே நுழைந்து மறுபடி அழுத்தப்பட, உஷ்ணம் மேலும் ஏறும். பெரிய ஆலைகளில் குழாய்க்குள் படிந்த கரியே தீப்பற்றியதும் உண்டு.

கைக்கு எட்டியது என்பதற்காக மோட்டார் எஞ்சின் ஆயிலை இதில் ஊற்றுவது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். அழுக்கைத் தன்னுள் மிதக்கவைப்பதற்கென்று அதில் சேர்த்த மருந்துகள், எண்ணெய் ஃபில்டர் உள்ள எஞ்சினுக்கு உபகாரமானவை. ஃபில்டர் இல்லாத சிறு கம்ப்ரஸரிலோ அவை காற்றின் ஈரத்தையும் எண்ணெயோடு குழைத்துவிடுகின்றன. கம்ப்ரஸருக்கென்றே தயாரித்த எண்ணெய் நீரைப் பிரித்து அடியில் விட்டுவிடும். பிஸ்டன் வகைக்குப் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100 என்ற தரமும், குளிர்ந்த இடங்களில் 68-ம் ஏற்றவை. இவ்வெண்கள் 40 டிகிரியில் எண்ணெயின் பிசுபிசுப்பைக் குறிப்பன. கெட்டியாக இருந்தால் நல்லது என்பது வெறும் பிரமை. ஸ்குரூ வகை வேறு ஜாதி. அதற்குப் பொதுவாக 46.

பராமரிப்பில் கண்ணாடித் துவாரமே நமக்கு நாடி. யந்திரம் நின்ற பின் பார்த்தால் எண்ணெய் அதன் நடுக் குறியளவு நிற்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, கறுத்திருந்தால் காய்ந்து தீய்ந்திருக்கிறது. புது யந்திரத்தில் உலோகத் துகள் உதிருமாதலால் முதல் எண்ணெயைச் சீக்கிரமே, சூடு ஆறுமுன், வடித்துவிட வேண்டும்; பிறகு தயாரிப்பாளர் சொன்ன மணிக்கணக்குப்படி மாற்றலாம். அளவு அடிக்கடி குறைந்துகொண்டே வந்து, காற்றிலும் எண்ணெய் வாடை அடித்தால், பழுது எண்ணெயில் இல்லை. வளையங்கள் தேய்ந்துவிட்டன, மேலும் மேலும் ஊற்றிப் பிரயோஜனமில்லை.