புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்போம்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த மாணவி ஒருத்தி, கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில் என்னைப் பார்க்க வந்தாள். “டீச்சர், புத்தகத்தைப் படிச்சாப் புரியுது. வகுப்புல இங்கிலீஷ்ல பேசினா ஒண்ணுமே காதுல ஏற மாட்டேங்குது” என்றாள். ஆங்கிலத்தில் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்கியவள். அவள் சென்ற பிறகும் அந்தச் சொற்கள் என்னை விடவில்லை.

ஒலிப்பாடங்களை நான் பயன்படுத்தாமல் இல்லை. கைப்பேசியை ஸ்பீக்கருடன் இணைத்துப் பாடம் முழுவதையும் ஒலிக்கவிடுவேன். மாணவர்கள் புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடர்வார்கள். ஒருநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, முன்பு கேட்ட பாடத்தையே ஒலிக்கவிட்டுக் கேள்வி கேட்டேன். வகுப்பே விழித்தது. அதுவரை வேலை செய்தது கண்தான், காது அல்ல.

இப்போது ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை மூன்று முறை கேட்கிறோம்.

முதல் முறை: புத்தகம் மூடியிருக்கும். யார் பேசுகிறார்கள், எங்கே பேசுகிறார்கள் என்பது போன்ற இரண்டு எளிய கேள்விகளை முன்பே கரும்பலகையில் எழுதிவிடுவேன். விடையைத் தேடிக் கேட்பதால் கவனம் சிதறுவதில்லை.

இரண்டாம் முறை: காதில் விழுந்த சொற்களை எழுதி, பக்கத்தில் இருப்பவருடன் ஒப்பிடுவார்கள். எழுத்துப்பிழை பார்ப்பதில்லை.

மூன்றாம் முறை: புத்தகத்தைத் திறந்து கேட்டு, காது தவறவிட்ட இடங்களில் அடிக்கோடிடுவார்கள்.

அந்த அடிக்கோடுகள் எனக்கே பாடம் நடத்தின. தெரியாத சொற்களைவிடத் தெரிந்த சொற்களே அதிகம் தவறியிருந்தன. ‘பிக் இட் அப்’ என்பது பேச்சில் ‘பிக்கிட்டப்’ என்று ஒலிக்க, அதை ஏதோ புதுச்சொல் என்று நினைத்திருந்தார்கள். கரும்பலகையில் ‘கடல் + அலை = கடலலை’ என்று எழுதினேன். “புணர்ச்சி, டீச்சர்!” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. ஆங்கிலப் பேச்சிலும் மெய்யொலியில் முடியும் சொல்லோடு உயிரொலியில் தொடங்கும் சொல் ஒட்டிக்கொள்கிறது. எழுத்தில்தான் இடைவெளி இருக்கிறது என்றேன். அடுத்து வந்த ‘நாட் அட் ஆல்’ என்பதை அவர்களே பிரித்துவிட்டார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்டையும் மேலங்கியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கோட்’தான். முதல் ஒலி வேறு என்பது காதுக்குப் பழக வேண்டும். இரண்டில் ஒன்றை ஒலிக்கவிட்டு, ஆடு என்றால் கை தூக்கச் சொல்கிறேன். விளையாட்டாகவே பழகிவிடுகிறார்கள்.

ஒலிப்பதிவு கிடைக்காத பாடத்துக்கு நானே கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்கிறேன். சக ஆசிரியர்களையும் வாசிக்கச் சொல்கிறேன். ஒரே குரலுக்குக் காது பழகிவிடக் கூடாது. வாரம் இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடம் போதும்.

எழுதத் தடுமாறும் மாணவன் ஒருவன்தான் இப்போது முதலில் கை தூக்குகிறான். கல்லூரியிலிருந்து வந்த அந்த மாணவிக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அவளுடைய காதுக்கு நான்தான் வேலை கொடுக்கவில்லை.