யானை இழுத்த விமானம்

விமானத்தை யானை இழுக்கும் இரண்டாம் உலகப் போர்க்காலப் படம் ஒன்று இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும். யானையின் பின்னால் நிற்பது அமெரிக்கத் தயாரிப்பான கோர்செயர் போர் விமானம். ஏதோ பர்மாக் காடு என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம். இடம் நம்முடைய புத்தளம்.

1942 ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அதன் பிறகு இலங்கையில் விமானத்தளங்கள் பெருகின. பிரிட்டிஷ் கடற்படை தன் தளங்களுக்குப் பறவைகளின் பெயர்களை வைத்தது. கோயம்புத்தூரில் கருடா, சூலூரில் வைரி, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் உக்குஸ்ஸா, புத்தளத்தில் ராஜாளியா. விமானந்தாங்கிக் கப்பல் எதிர்காற்றில் விரைந்து ஓடினால்தான் அதன் குறுகிய தளத்திலிருந்து விமானம் எழும்ப முடியும். துறைமுகத்தில் நங்கூரமிட்டுவிட்டால் விமானங்களும் முடங்கிவிடும். ஆகவே கப்பல் கரைக்கு வருமுன்பே அவை பறந்து வந்து இப்படியான தளங்களில் இறங்கிப் பயிற்சி செய்தன.

அன்றைய புத்தளம் ஒதுங்கிய ஊர். களப்பு, உப்பளம், தென்னை, பற்றைக்காடு. 1926இல் வந்த புகையிரதம்தான் பெரிய வசதி. இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர்களுக்கு இது கிட்டத்தட்ட வடதுருவ ஆய்வு நிலையம் மாதிரிதான் இருந்திருக்கும். பனிக்குப் பதில் புழுக்கம், பனிக்கரடிக்குப் பதில் நுளம்பு. நுளம்பைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 1934-35இல் மலேரியா இலங்கையில் பல்லாயிரம் பேரைக் கொன்று சில வருடங்களே ஆகியிருந்தன. அதே இலங்கையை 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். புத்தளத்துக்கு வந்த சீமெந்துத் தொழிற்சாலையெல்லாம் என் வரிசையில் அதற்குப் பிறகுதான்.

போர் முடிந்ததும் கடற்படை போய்விட்டது. இன்று புத்தளத்தின் ஓடுபாதை பாலாவியில், இலங்கை விமானப்படையின் கையில் இருக்கிறது. விமானங்கள் குறிபார்த்துச் சுடப் பழகும் களம் கற்பிட்டிப் பக்கம் உண்டு. ஆனால், ஆளில்லாத ஊர் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்களோடு இந்த ஊர்க்காரர்கள் காணியையும் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் பகிர்ந்துகொண்டார்கள். ஓலைக் கொட்டில்களாகத் தொடங்கிய முகாம்கள் இன்று கல்வீட்டுக் கிராமங்கள்.

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் போனால் நுரைச்சோலை வரும். 2011இல் முதல் அலகும் 2014இல் மற்ற இரண்டும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அங்கேதான். களப்போரத்தில் காற்றாலைகள் சுழல்கின்றன. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெள்ளைக்காரர்கள் மறுபடியும் வருகிறார்கள், இம்முறை பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்க! அவர்கள் கட்டுநாயக்கவில் இறங்கி மணிக்கணக்கில் வீதியால்தான் வருகிறார்கள். போர்க்காலத்திலேயே விமானம் கண்ட ஊருக்கு வழமையான பயணிகள் விமானசேவை இன்னும் கிடையாது. இருக்கிற வீதி சீராக இருந்து, புகையிரதமும் ஒழுங்காக ஓடினால் அதுவே போதும் என்பது என் கட்சி.

கடற்படைத் தளத்தின் கதை ஆங்கிலப் புத்தகங்களில் விமானிகளின் பக்கத்திலிருந்து மட்டும்தான் அதிகம் சொல்லப்படுகிறது. மண் சுமந்தவர்களும் சமைத்தவர்களும் யானை நடத்தியவர்களும் இந்த நாட்டுச் சனங்கள். உங்கள் வீட்டில் தொண்ணூறைத் தொட்ட பெரியவர் யாரும் இருந்தால், அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டு, சொல்லுவதைப் பதிந்து வையுங்கள்.