மழைக்காலத்தில் பிளந்த தோட்டாக்கள்: பித்தளையை மீண்டும் சூடேற்றுவது ஏன்?

புதுதில்லி: பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், இந்தியாவில் மழைக்காலம் தொடங்கியதும் படை நடவடிக்கைகள் குறைந்துவிடும். அந்த மாதங்களில் தோட்டாக்கள் குதிரை லாயங்களில் பாதுகாத்து வைக்கப்பட்டன. மழை ஓய்ந்து அவற்றை வெளியே எடுத்தபோது, பல தோட்டாக்களின் பித்தளை உறைகளில் விரிசல் விழுந்திருந்தது. சுடப்படாமலேயே, வைத்த இடத்தில் இருந்தவாறே அவை பிளந்திருந்தன. குறிப்பாக, குண்டை இறுகப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில் பாதிப்பு அதிகம்.

இதற்கான முழு விளக்கம் 1921-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்ததே இதற்குக் காரணம் என்று காட்டினர். ஒன்று, குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா. அது மழைக்கால ஈரத்தில் கரைந்து, பித்தளையிலுள்ள செம்பை அரித்தது. மற்றொன்று, உறையைத் தயாரிக்கும்போதே உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை. அரிப்பு உலோகத் துகள்களின் எல்லை வழியாக உள்ளே நுழைய, தங்கியிருந்த விசை அதைப் பிளந்து விரித்தது. உலோகவியலில் இது ‘சீசன் கிராக்கிங்’ எனப்படுகிறது.

இந்த விசை எங்கிருந்து வருகிறது? தோட்டா உறைக்கான பித்தளையில் ஏறத்தாழ 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் உள்ளன. வட்டத் தகடு முதலில் கிண்ணமாக அழுத்தப்பட்டு, பின்னர் படிப்படியாக நீண்ட குழலாக இழுக்கப்படுகிறது. குளிர்ந்த நிலையில் வளைக்க வளைக்கப் பித்தளை கடினமாகும். ஒரு கட்டத்துக்குப் பின் வளையாமல் உடையும். எனவே, ஒவ்வொரு இழுப்புக்கும் இடையே அதைச் சூடேற்றி மென்மையாக்குகிறார்கள். ‘அனீலிங்’ எனப்படும் இம்முறையில், நெளிந்து சிதைந்த துகள்களுக்குப் பதிலாகப் புதிய துகள்கள் உருவாகின்றன.

பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் பித்தளை, செம்புப் பாத்திரங்கள் செய்யும் தட்டேரா கைவினைஞர்களும் தகட்டைச் சூடாக்கித்தான் சுத்தியலால் தட்டி வடிவமைக்கின்றனர். அவர்களது கைவினை 2014-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. எஃகைப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி வியப்பளிக்கலாம்: சூடான பித்தளையை நீரில் முக்கினால் அது கடினமாவதில்லை. மெதுவாக ஆறினாலும் உடனே குளிர்ந்தாலும் மென்மை அதேதான்.

தோட்டா உறைக்கு ஒரே சீரான மென்மை ஆகாது என்பதே இதில் நுட்பமான பகுதி. சுடும்போது கழுத்து சற்று விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் தடுக்க வேண்டும். அதற்கு மென்மை தேவை. அடிப்பகுதியோ பெரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அது மென்மையானால் உறை கிழிந்து, சுடுபவரின் முகத்தருகே வாயு பீறிடக்கூடும். ஆகவே தொழிற்சாலைகளில் கழுத்தும் தோள்பகுதியும் மட்டும் கடைசியாகச் சூடேற்றப்படுகின்றன. இராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் காணப்படும் நீலச்சாயல் அந்த வெப்பத்தின் தடமே, அது குறையன்று.

சில நாடுகளில் பயன்படுத்திய உறைகளில் மீண்டும் மருந்து நிரப்பும் விளையாட்டு வீரர்களும் இதையே செய்கின்றனர். ஒவ்வொரு முறையும் கழுத்து விரிந்து, பின் அச்சில் சுருக்கப்படுவதால் கடினமாகி, நாளடைவில் பிளக்கிறது. இடையிடையே சூடேற்றினால் உறையின் ஆயுள் நீளும். வெப்பம் மிகுந்தால் துகள்கள் பெருத்துக் கழுத்து வலுவிழக்கும். அடிப்பகுதிக்குப் பரவினால் ஆபத்து. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி வெடிபொருள் தோட்டாக்களைத் தயாரிக்க முடியாது.

லாயத்துத் தோட்டாக்களுக்குக் கிடைத்த தீர்வு எளிமையானது. உறையை வடிவமைத்தபின், ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸ் அளவில் மிதமாகச் சூடேற்றினால், கடினத்தன்மை பெரிதும் குறையாமலே உள்விசை தளர்ந்துவிடும். அதோடு, தோட்டாக்கள் அம்மோனியாவுக்கு அருகில் வைக்கப்படாமல் விலக்கப்பட்டன. பித்தளை உறைகளை அம்மோனியா கலந்த திரவங்களால் துலக்கக் கூடாது என்று இன்றும் எச்சரிக்கப்படுவதற்கும் அதே வேதிவினைதான் காரணம்.