இணையத் தொலைபேசி பேச மறுத்தால்

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு, ஊரிலுள்ள பெற்றோரின் குரலை மாலைதோறும் கொண்டுவந்து சேர்ப்பது இணையத் தொலைபேசியே. ஒரு நாள் அக்குரல் இடையில் அறுபட்டுவிடின் உள்ளம் பதறுகின்றது. அவ்வேளையில் பழுது எங்கே உள்ளதென முறையாகக் கண்டறிவது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

செம்புக் கம்பியில் இயங்கிய பழைய தொலைபேசிக்கு, தொலைபேசி நிலையத்திலிருந்த பாட்டரிகளே 48 வோல்ட் மின்சாரத்தை அனுப்பிவந்தன. ஆதலின் வீடு இருளில் மூழ்கினும் மணி ஒலித்தது. இன்றைய ஒளியிழையோ ஒளியை மட்டுமே சுமந்து வருகின்றது. மின்சாரத்தை நாமே அளித்தல் வேண்டும்.

எனவே, முதற்கண் ஒளியிழை வந்து சேரும் மோடத்தைப் பார்ப்போம். விளக்கு ஒன்றேனும் எரியவில்லையெனில் குறை பெரும்பாலும் மின்சாரத்தில். ‘எல்.ஓ.எஸ்.’ என்று குறித்த விளக்கு சிவந்து மின்னினால், வரவேண்டிய ஒளி வரவில்லை என்பது பொருள். இழை அறுந்திருப்பின், மோடத்தை எத்தனை முறை நிறுத்தி இயக்கினும் பயனில்லை. இணைப்பு தந்தவர்க்குத் தெரிவிப்பதே வழி.

விளக்குகள் செம்மையாக இருப்பின், ஏதேனும் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அது திறந்தால் பழுது பேச்சுச் சேவையைச் சார்ந்ததாக இருக்கக்கூடும். 2021 அக்டோபர் 4ஆம் நாள் இரவு வாட்ஸ்அப் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது; இணையமோ நின்றுவிடவில்லை.

மணி ஒலித்தும் குரல் தெளிவாக வாராதது வேறு வகைக் குறை. குரல் பொதுவாக நொடிக்கு 50 சிறு பொட்டலங்களாகப் பகுக்கப்பட்டுச் செல்கின்றது. நெரிசலில் சில தொலைந்தால் பேச்சு வெட்டுப்படும். வீட்டில் ஓடும் திரைப்படத்தை நிறுத்துவதும், படத்துடன் பேசுவதை விட்டுக் குரலால் மட்டும் பேசுவதும் அப்போது பயன்தரும். மின்சாரம் மீண்டபின் மோடம், ரூட்டர், தொலைபேசி என்ற வரிசையில், ஒன்று நிலைபெற்ற பின் அடுத்ததை இயக்குதல் நன்று.

நம் பக்கம் குறையில்லையெனில், பழுது மறுமுனையில் இருக்கலாம். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. நகரின் பல பகுதிகள் இருண்டன. அத்தகைய நாளில் மறுமொழி வாராமை ஒன்றையே கொண்டு தீங்கு நேர்ந்ததென முடிவு செய்தல் வேண்டா. சாதாரணக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பிக் காத்திருக்கலாம்; பேச்சு நுழையாத நெரிசலிலும் அது சென்று சேர்வதுண்டு.

இடர் வருமுன் செய்யத்தக்கவை மூன்று. மோடத்திற்கு ஒரு சிறு பாட்டரி வாங்கி வைத்தல் ஒன்று. பெற்றோரின் அண்டைவீட்டார் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றிக் காகிதத்திலும் குறித்து வைத்தல் மற்றொன்று. மூன்றாவது, ஆபத்துக் கால எண்ணாகிய 112ஐ வாட்ஸ்அப் வழியே அழைக்க இயலாது, கைப்பேசியின் சாதாரண அழைப்பிலேயே அழைத்தல் வேண்டும் என்பதை வீட்டிலுள்ள முதியோர்க்கும் சிறுவர்க்கும் இன்றே சொல்லி வைத்தல்.