வெளிநாட்டு இசைத்தட்டா, உள்நாட்டு இசைத்தட்டா? ஒலித்தரத்தைத் தீர்மானிப்பது எது?

இறக்குமதி செய்யப்பட்ட வினைல் இசைத்தட்டு துல்லியமாக ஒலிக்கும், இந்தியாவில் அச்சிடப்பட்டது இரைச்சலுடன் ஒலிக்கும் என்ற கருத்து இசை ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. இதனை நம்பியே பலரும் வெளிநாட்டுப் பதிப்புகளுக்குக் கூடுதல் விலை கொடுக்கின்றனர். எனினும், இக்கருத்து பாதி உண்மையே.

1902-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் கௌஹர் ஜான் உள்ளிட்டோர் பாடிய பதிவுகள், ஜெர்மனியின் ஹனோவர் நகரில் தட்டுகளாக அச்சிடப்பட்டு, கப்பல் வழியாக இந்தியா வந்தன. 1908-இல் கொல்கத்தாவின் சியால்டா பகுதியில் கிராமபோன் நிறுவனத்தின் ஆலை தொடங்கப்பட்டது. பின்னர் அது டம்டம் பகுதிக்கு மாறியது. எச்எம்வி முத்திரையுடன் வெளியான ஏராளமான தட்டுகள் அங்கு உருவானவையே.

தயாரிப்பு முறை

மூல ஒலிநாடாவில் உள்ள இசை, முதலில் லாக்கர் பூசிய தட்டில் நுண்ணிய பள்ளங்களாகச் செதுக்கப்படுகிறது. அதிலிருந்து மின்முலாம் முறையில் உலோக அச்சுகள் எடுக்கப்படுகின்றன. சூடேற்றி இளக்கிய பிவிசி பிளாஸ்டிக், இரு அச்சுகளுக்கு இடையே பெரும் அழுத்தத்தில் தட்டாக வார்க்கப்பட்டுக் குளிர்விக்கப்படுகிறது.

பிவிசியில் தூசு கலந்தாலோ, தேய்ந்த அச்சு தொடர்ந்து பயன்படுத்தப்பட்டாலோ, பொரிவது போன்ற ஒலி கேட்கும். குளிர்விக்கும் நேரம் குறைந்தால் தட்டு வளையும். நடுத்துளை சற்று விலகினாலும் சுருதி ஏறி இறங்கும். தம்புரா போன்ற நீண்ட நாதங்களில் இக்குறை எளிதில் புலப்படும். இக்குறைகள் எந்த நாட்டு ஆலையிலும் நேரக்கூடியவை.

மூலநாடா எங்கே இருந்தது?

பிரிட்டன், அமெரிக்க ஆல்பங்களைப் பொறுத்தவரை மூலநாடா அந்நாடுகளிலேயே இருந்ததால், அங்கு அச்சிடப்பட்ட முதல் பதிப்புகளுக்குச் சாதகம் உண்டு. இந்தித் திரையிசை, ஹிந்துஸ்தானி இசை போன்றவற்றில் நிலைமை நேர்மாறானது. மூலநாடா புதிதாக இருந்தபோது இங்கேயே அச்சிடப்பட்ட பழைய தட்டு, பிற்காலத்தில் நாடாவின் பிரதியிலிருந்து வெளிநாட்டில் தயாரான மறுபதிப்பைவிட இயல்பாக ஒலிக்க வாய்ப்புண்டு.

வாங்குவோர் கவனத்திற்கு

தட்டின் நடுவே, காகித முகப்பை ஒட்டிய வெற்றிடத்தில் பொறிக்கப்பட்டுள்ள எண்கள், அது எந்த அச்சிலிருந்து உருவானது என்பதை அறிய உதவும். இரு பதிப்புகளை ஒப்பிடும்போது இரண்டையும் சுத்தம் செய்து, ஒரே ஊசியில், ஒரே ஒலி அளவில் கேட்பது அவசியம். சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகச் செவிக்குத் தோன்றும் என்பதே இதற்குக் காரணம். 180 கிராம் எடை என்ற அறிவிப்பு மட்டுமே ஒலித்தரத்திற்குச் சான்றாகாது.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2024-இல் நவி மும்பையில் வினைல் தட்டுகள் அச்சிடும் பணி மீண்டும் தொடங்கியுள்ளது. அங்கு உருவாகும் தட்டுகளின் தரத்தையும், மூலப்பதிவின் நிலை, அச்சின் நேர்த்தி, பிளாஸ்டிக்கின் தூய்மை ஆகியவையே தீர்மானிக்கும்.