நெஞ்சகத்தின் அசையும் மதில்

தமிழில் ‘நெஞ்சு’ என்னும் சொல் உடலின் ஓர் உறுப்பையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிக்கும். திருமறையின் 94ஆம் அத்தியாயம் நெஞ்சத்தின் விரிவையே தன் பெயராகக் கொண்டுள்ளது. உள்ளத்தின் விரிவை ஆன்றோர் பலர் விளக்கியுள்ளனர். உடலின் நெஞ்சு விரியும் முறையையும், அவ்விரிவைத் தடுத்து நோய் தீர்க்க முயன்ற காலம் மறைந்த வரலாற்றையும் இங்குக் காண்போம்.

மதிலின் அமைப்பு

மதில் என்றால் அசையாது நிற்பது என்றே எண்ணுவோம். இதயத்தையும் நுரையீரல்களையும் சூழ்ந்து நிற்கும் மார்புச் சுவரோ ஓயாது அசையும் மதிலாகும். பின்புறம் 12 முள்ளெலும்புகளும், முன்புறம் மார்பெலும்பும், பக்கங்களில் 12 இணை விலா எலும்புகளும் இதன் சட்டங்களாம். முதல் 7 இணைகள் தத்தம் குருத்தெலும்பால் மார்பெலும்பை நேரே சேர்கின்றன. அடுத்த 3 இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றி நிற்கின்றன. கடைசி 2 இணைகளின் முன்முனைகள் எதனோடும் சேர்வதில்லை. விலாக்களின் இடைவெளிகளை மூவடுக்குத் தசைகள் நிரப்ப, அடித்தளமாக உதரவிதானம் என்னும் தசைத்திரை அமைந்துள்ளது.

விரியும் விந்தை

நுரையீரல் தானே விரியும் ஆற்றல் உடையதன்று. மூச்சை உள்வாங்கும்போது உதரவிதானம் கீழிறங்குகிறது. மேல் விலாக்கள், அடிகுழாயின் கைப்பிடி உயர்வதுபோல், மார்பெலும்பை முன்னோக்கி உயர்த்துகின்றன. கீழ் விலாக்கள், வாளியின் பிடி பக்கவாட்டில் எழுவதுபோல், வெளிநோக்கி எழுகின்றன. சுவரின் உட்புறத்தையும் நுரையீரலின் வெளிப்புறத்தையும் போர்த்திய ஈருறைகளின் நடுவே மெல்லிய நீர்ப்படலம் உண்டு. அங்கு அழுத்தம் வெளிக்காற்றினும் குறைவாதலால், சுவர் விரிந்தால் நுரையீரலும் உடன் விரிகின்றது. ஓய்விலிருக்கும் பெரியவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்றை உட்கொள்வார். காயத்தால் அவ்விடத்தில் காற்றுப் புகுந்தாலோ நுரையீரல் சுருங்கிவிடும்.

அசைவைத் தடுத்த மருத்துவம்

இவ்வுண்மையையே அக்கால மருத்துவர்கள் காசநோய்க்கு எதிராகப் பயன்படுத்தினர். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வளிக்க, உறைகளின் இடையே காற்றை வேண்டுமென்றே செலுத்தினர். அதுவும் பயன்தராதபோது விலா எலும்புகள் சிலவற்றை வெட்டியெடுத்து மார்புச் சுவரையே உள்ளழுந்தச் செய்தனர். உயிர் பிழைத்தோரும் சரிந்த தோளுடன் எஞ்சிய நாள்களைக் கழித்தனர். நல்ல காற்றும் நீண்ட ஓய்வும் தரும் நலவாழ்வு மனைகள் எழுந்ததும் அக்காலத்தேதான். 1928ஆம் ஆண்டு மருத்துவர் சவுரிமுத்து தாம்பரத்தில் நிறுவியது அவற்றுள் ஒன்று.

1944இல் அறிவிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் வழக்கிற்கு வந்த ஐசோநயசிட்டும் நிலைமையை மாற்றின. ஆயினும், படுக்கைக்கு வழியற்ற ஏழை வீட்டிலிருந்தே நலம்பெற இயலுமா என்ற வினா எஞ்சி நின்றது.

நமது அண்டையூராம் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய அதே 1956ஆம் ஆண்டில், சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகள் 193 பேர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் நலவாழ்வு மனையிலும் மற்றவர் தம் எளிய இல்லங்களிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைப் பெற்றனர். மனையிலிருந்தோர்க்கு உணவும் ஓய்வும் மிகுதி. எனினும் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நலமடைந்தனர். வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தார்க்குத் தனிப்பட்ட தீங்கு மிகவில்லை என்பதும் புலனாயிற்று. 1959இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

நம் கடமை

காசநோயாளியை ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் வீதிகளில் இன்னும் முற்றும் மறைந்திலது. இரு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். அதனை இடையில் நிறுத்தாது உண்பதே உயிர்காக்கும் வழி. எலும்பை வெட்டாமலே நெஞ்சைக் காக்கும் வழியை அறிவியல் தந்துவிட்டது. நோயுற்றவரை அணைத்துக்கொள்ளும் நெஞ்ச விரிவை நாமே தருதல் வேண்டும். எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!